நகராட்சிக் கட்டடங்களுக்கும் ஒரு மகமைக் கணக்கு: பழுதுக்கும் மறுகட்டுமானத்துக்கும் பணம் சேர்க்கும் வழிகாட்டி

பிள்ளையார்பட்டியிலோ வைரவன்பட்டியிலோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்று செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பணத்துக்கும் ஏற்பாடு உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய காலத்தில் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று தனியே எழுதி வைத்தார்கள். ஊரில் புள்ளிக்கு, அதாவது திருமணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டார்கள். கோபுரத்தில் செடி முளைத்த பிறகு நன்கொடைச் சீட்டு அச்சடிக்கும் பழக்கம் இல்லை.

அதே ஊரில் நகராட்சிப் பள்ளியின் கூரை ஒழுகினால் என்ன நடக்கிறது? மனு போகிறது. மதிப்பீடு போடுகிறார்கள். "நிதி வந்ததும் செய்யப்படும்" என்று பதில் வருகிறது. அதற்குள் இரண்டு ஐப்பசி மழை போய்விடும், கூரையில் ஆரம்பித்த ஓதம் சுவருக்கு இறங்கிவிடும்.

கோயிலுக்கு இருக்கிற அந்தத் தனிக் கணக்கை உள்ளாட்சிக் கட்டடங்களுக்கும் எப்படித் தொடங்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். காரைக்குடி மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் போன்ற பேரூராட்சிகள் எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான், தொகை மட்டும் மாறும். கவுன்சிலர்கள், வார்டு குழு உறுப்பினர்கள், கணக்கு தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம்: தேய்மானம் வேறு, பணம் வேறு

தமிழ்நாட்டு நகராட்சிகள் தனியார் நிறுவனங்களைப் போலவே வரவேண்டியது, தரவேண்டியது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கு எழுதுகின்றன. ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டும் ஆண்டுக் கணக்கில், கட்டடங்களின் மதிப்பு இருக்கும். அதிலிருந்து ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படும். இதைப் பார்த்துவிட்டு "அதான் தேய்மானம் ஒதுக்குகிறார்களே" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

ஒதுக்குவதில்லை. எழுதுகிறார்கள், அவ்வளவுதான். இந்த ஆண்டு பேருந்து நிலையத்துக்குப் பத்து லட்சம் தேய்மானம் என்று எழுதினால் அதற்காக எந்த வங்கிக் கணக்கிலும் பத்து லட்சம் போய் உட்காராது. அந்தப் பணம் மின் கட்டணமாகவும் சம்பளமாகவும் போயிருக்கும். இன்னொன்று, தேய்மானம் போடுவது பழைய விலையில். 1985இல் எட்டு லட்சத்துக்குக் கட்டிய கட்டடத்துக்கு முழுத் தேய்மானத்தையும் எழுதி முடித்தாலும் எட்டு லட்சம்தான் வரும். இன்று அதே கட்டடத்தைக் கட்ட அந்தப் பணத்தில் அஸ்திவாரம்கூட முடியாது.

ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு: இன்றைய விலையில் ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்கு ஈடாக உண்மையான ரொக்கம்.

படி 1: என்னென்ன இருக்கிறது, யாருடையது

சொத்துப் பதிவேடு எல்லா அலுவலகத்திலும் இருக்கும். அது முழுமையாக இருக்கிறதா என்பது வேறு விஷயம். அலுவலகம், பேருந்து நிலையம், அதைச் சுற்றியுள்ள கடைகள், நாளங்காடி, வாரச்சந்தைக் கொட்டகை, சமுதாயக் கூடம், பள்ளி, அங்கன்வாடி, நகர்நல மையம், பொதுக் கழிப்பிடம், எரிவாயு தகன மேடை என்று ஒன்றுவிடாமல் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த சில உள்ளாட்சிகளும் உள்ளே வந்தன. அப்படி வந்த கட்டடங்களுக்கு வரைபடமும் கோப்பும் பழைய அலுவலகத்தின் பீரோவிலேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். அதை இப்போதே தேடி எடுத்து வைப்பது நல்லது.

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பல பொதுக் கட்டடங்கள் ஏதோ ஒரு குடும்பம் கட்டிக்கொடுத்தவை. சிலவற்றில் நிலமும் கட்டடமும் முறையாக எழுதித் தரப்பட்டிருக்கும். சிலவற்றில் பயன்படுத்தும் உரிமை மட்டும் இருக்கும், நிலம் இன்னும் அறக்கட்டளை பெயரிலேயே இருக்கும். "பள்ளிக்கூடத்துக்கு மட்டும்" என்று சாசனத்தில் நிபந்தனையும் இருக்கலாம். நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் என்று பார்க்காமல் அந்தக் கட்டடத்துக்கு மறுகட்டுமான நிதி சேர்க்க ஆரம்பிக்க வேண்டாம். பழுதுபார்ப்பு வேறு, இடித்துக் கட்டுவது வேறு. இரண்டாவதற்கு உரிமை கட்டாயம் வேண்டும்.

நூலகத்தையும் கவனிக்க வேண்டும். சொத்து வரியோடு நூலக வரி வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்புவது உள்ளாட்சியின் வேலை. கட்டடம் யாருடையது, வெள்ளையடிப்பது யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். எழுத்தில் இல்லாவிட்டால் இரு தரப்பும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள்.

படி 2: மழைக்கு முன் ஒரு பார்வை, மழையில் ஒரு பார்வை

ஆவணி, புரட்டாசியில் ஒருமுறையும் ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒருமுறையும் போய்ப் பார்க்க வேண்டும். கோடையில் பார்த்தால் எல்லாக் கட்டடமும் நன்றாகத்தான் இருக்கும்.

உதவிப் பொறியாளரோடு போங்கள். மேல்தளத்தில் தொடங்கிக் கீழே இறங்குங்கள், ஏனென்றால் கேடு மேலிருந்துதான் வரும். மேல்தளத்தில் பதித்திருக்கும் தட்டோட்டை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். கெட்டியாகப் பிடித்திருந்தால் கணீரென்று கேட்கும், அடியில் விட்டுப்போயிருந்தால் பொத்தென்று கேட்கும். மழைநீர் வடியும் துளையில் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்திருக்கிறதா பாருங்கள். கைப்பிடிச் சுவர் மூலையில் அரசங்கன்று முளைத்திருந்தால் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே கன்று அங்கேயே இருந்தால் அந்த அலுவலகத்தின் பராமரிப்பைப் பற்றி வேறு சான்று தேவையில்லை.

உள்ளே வந்ததும் கூரையை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வரிசையிலேயே நேர்கோடாக விரிசல் இருந்தால், காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிந்தால், அது வெறும் பூச்சுவேலைப் பிரச்சினை இல்லை. துருப்பிடித்த கம்பி பருமனாகும், பருமனாகும்போது சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கும். மேலே சிமெண்டை அப்பிச் சுண்ணாம்பு அடித்தால் ஓராண்டு மறைந்திருக்கும், அப்புறம் மாணவர் தலையில் விழும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை அவசரமாகச் சோதித்தார்கள்.

சந்தேகம் இருந்தால் உறுதித்தன்மைச் சான்று கேட்க வேண்டும். இதில் காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு வசதி. அழகப்ப செட்டியார் பெயரிலான அரசுப் பொறியியல் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. உலோகம் துருப்பிடிப்பதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான், 1953இலிருந்து. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துரு அவர்களுடைய துறை. மற்ற ஊர்கள் ஆள் தேடி அலையும் விஷயத்துக்கு நாம் கடிதம் ஒன்று எழுதினால் போதும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கட்டடமாக இருந்தால் தனியாகக் குறித்து வையுங்கள். அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டவை. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கூலி அதிகம், நாள் அதிகம். வழக்கமான அரசு விலைப்பட்டியலை மட்டும் வைத்து மதிப்பீடு போட்டால் தொகை போதாது, கடைசியில் சிமெண்டிலேயே முடித்துவிடுவார்கள். தனி விலைப் பகுப்பாய்வு செய்து முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கும் அப்படித்தான்.

படி 3: கட்டடத்தைப் பகுதிகளாகப் பிரித்து விலை போடுதல்

முழுக் கட்டடத்துக்கு ஒரே தொகை போட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் கைக்கு அடங்கும். ஒரு சமுதாயக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். நாலாயிரம் சதுர அடி, இன்று புதிதாகக் கட்டினால் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கை விளக்கத்தான். உங்கள் ஊருக்கு உங்கள் பொறியாளர் தரும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

- மேல்தளத் தட்டோடு: 4.8 லட்சம், 15 ஆண்டு. ஆண்டுக்கு 32,000
- பெயிண்ட்: 3 லட்சம், 5 ஆண்டு. ஆண்டுக்கு 60,000
- மின்கம்பி, பலகை, விசிறி: 6 லட்சம், 20 ஆண்டு. ஆண்டுக்கு 30,000
- கழிப்பறை, குழாய்: 4.5 லட்சம், 15 ஆண்டு. ஆண்டுக்கு 30,000
- கதவு, ஜன்னல்: 5 லட்சம், 25 ஆண்டு. ஆண்டுக்கு 20,000
- தரை: 5 லட்சம், 25 ஆண்டு. ஆண்டுக்கு 20,000

மொத்தம் ஆண்டுக்கு 1.92 லட்சம். கட்டட மதிப்பில் ஏறக்குறைய இரண்டு சதவீதம். பொதுக் கட்டடங்களின் பராமரிப்புக்கு மறுகட்டுமான மதிப்பில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1990இல் சொன்னது. இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். நம் கணக்கு அதன் கீழ் எல்லையில் நிற்கிறது, ஏனென்றால் பியூஸ் போன பல்பு மாற்றுவது, கழிவுநீர்த் தொட்டி இறைப்பது போன்ற அன்றாடச் செலவை இதில் சேர்க்கவில்லை. அந்தச் செலவு நடப்புச் செலவிலேயே இருக்கட்டும்.

மதிப்பீட்டில் இரண்டு இனங்களை மறந்துவிடுவார்கள். உள்ளாட்சிக்குச் செய்யும் ஒப்பந்த வேலைக்கு 2022 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம். கட்டடத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம். 4.8 லட்சம் என்று பட்டியலில் எழுதும்போது இவை உள்ளே இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மீதி இருப்பது கட்டடத்தின் எலும்புக்கூடு. ஒரு கோடியில் மேலே சொன்ன பகுதிகளுக்கு 28.3 லட்சம் போனால் 71.7 லட்சம். அறுபது ஆண்டு ஆயுளில் முப்பது ஆண்டு முடிந்துவிட்டது என்றால், மிச்சமிருக்கும் முப்பது ஆண்டுக்குள் இதைச் சேர்க்க ஆண்டுக்கு 2.39 லட்சம் வேண்டும்.

விலைவாசி ஏறுமே என்பீர்கள். ஏறத்தான் செய்யும். ஒரு எளிய வழி: இன்றைய விலையை மீதி ஆண்டுகளால் வகுத்துவிடுங்கள். அந்தத் தொகையை ஆண்டுதோறும் கட்டுமான விலை ஏறும் அளவுக்கு ஏற்றிக்கொண்டே போங்கள். வைப்புநிதிக்குக் கிடைக்கும் வட்டியும் விலையேற்றமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்வரை இந்தக் கணக்கு தவறாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுதாகத் திரும்பப் போட்டால் போதும். பெரிய கூட்டு வட்டிச் சூத்திரமெல்லாம் போட்டுக் கவுன்சிலர்களைத் தூங்க வைக்க வேண்டியதில்லை.

படி 4: இத்தனை நாள் சேர்க்காததை என்ன செய்வது

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சிக்கிக்கொள்ளும். மேலே சொன்ன 1.92 லட்சம் புதுக் கட்டடத்துக்குச் சரி. நம்முடையது பாதி ஆயுள் போனது. தட்டோடு போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டது, கையில் ஒரு பைசா இல்லை. ஆகவே பகுதிகளை "எந்த ஆண்டில் செலவு வரும்" என்ற வரிசையில் எழுத வேண்டும்.

நம் சமுதாயக் கூடத்தில் பெயிண்ட் இரண்டாம் ஆண்டில், மின்கம்பியும் இரண்டாம் ஆண்டில், தட்டோடு ஐந்தாம் ஆண்டில், கழிப்பறை பத்தாம் ஆண்டில் வருகிறது என்று வைப்போம். எல்லாமே இன்றைய விலையில். இரண்டு ஆண்டில் சேர்வது 3.84 லட்சம், தேவை 9 லட்சம். துண்டு 5.16 லட்சம். இந்தத் துண்டை ஆண்டுச் சேமிப்பால் அடைக்க முயன்றால் மன்றம் பயந்து திட்டத்தையே விட்டுவிடும். அதனால் மின்கம்பி வேலை ஆறு லட்சத்தை ஒருமுறை வரும் மானியத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அப்போது பெயிண்ட் போக 84,000 மிஞ்சும். ஐந்தாம் ஆண்டில் கையிருப்பு 6.6 லட்சம், தட்டோடு 4.8 போனால் 1.8 லட்சம். ஏழாம் ஆண்டில் திரும்பவும் பெயிண்ட், மிச்சம் 2.64. பத்தாம் ஆண்டில் 8.4 லட்சம் இருக்கும், கழிப்பறைக்கு 4.5 எடுத்தாலும் 3.9 லட்சம் கையில் நிற்கும்.

நான் எல்லாக் கூட்டத்திலும் வலியுறுத்துவது இதுதான்: பழைய பாக்கிக்கு மானியம், இனி வரும் தேய்வுக்குச் சொந்தப் பணம். தலைகீழாகச் செய்தால், அதாவது பாக்கியைச் சொந்தப் பணத்தில் தீர்த்துவிட்டு ஆண்டுதோறும் மானியத்தை எதிர்பார்த்தால், பத்து ஆண்டில் திரும்ப இதே இடத்துக்கு வந்துவிடுவோம்.

எல்லாக் கட்டடங்களையும் ஒப்பிட ஒரு அளவுகோல் உண்டு. இப்போதே செய்ய வேண்டிய பழுதின் செலவை மறுகட்டுமான மதிப்பால் வகுங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை, 10ஐத் தாண்டினால் மோசம். பாதிக்கு மேல் போய்விட்டால் பழுதுபார்ப்பதா, இடிப்பதா என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

படி 5: பணம் எங்கிருந்து

மூன்று பையிலிருந்து வரும், ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு.

*சொந்த வருவாய்.* சொத்து வரி, கடை வாடகை, பேருந்து நிலையக் கட்டணம், சந்தைக் குத்தகை, மண்டப வாடகை. நிதியின் முதுகெலும்பு இதுதான், இதுதான் ஆண்டுதோறும் வரும். வருமானம் தரும் கட்டடங்களின் வாடகையில் ஒரு குறிப்பிட்ட பங்கை அந்தக் கட்டடங்களின் நிதிக்கே எடுத்து வைப்பது எளிதில் நிறைவேறும் தீர்மானம். பேருந்து நிலையக் கடைக்காரரும் எதிர்க்க மாட்டார், ஒழுகாத கூரைக்குத்தானே போகிறது. கடைகளுக்கு வாங்கும் வைப்புத்தொகையை வருமானம் என்று எண்ணி இதில் சேர்த்துவிடாதீர்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம்.

நகராட்சி, மாநகராட்சிகளில் பணம் ஏற்கனவே மூன்று நிதியாகப் பிரிந்திருக்கிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. சொத்து வரியில் கல்விக்கான பங்கு கடைசியில் சொன்னதற்குப் போகும். பள்ளிக் கட்டடத்தின் பழுதுக்கு முதலில் அங்கே கை வைக்க வேண்டும். பல மன்றங்களில் கவுன்சிலர்களுக்கே அந்த நிதியில் எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாது.

சொத்து வரியில் செட்டிநாட்டுக்கு ஒரு தனிக் கதை. 2022இல் வரி உயர்ந்தபோது 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நூறு சதவீத உயர்வு. ஊரில் பாதி வீடு அந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் சென்னையில், கோயம்புத்தூரில், சிங்கப்பூரில். வரிச்சீட்டு இறந்துபோன பாட்டனார் பெயரில். யார் கட்டுவது என்று பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரைப் பார்க்கிறார்கள். பணமில்லாதவர்கள் இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லை. ஊருக்குப் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) திருவிழாவுக்கும் வரும் நாட்களில் முகாம் போட்டுப் பெயர் மாற்றி, இணையத்தில் கட்டும் முறையைக் காட்டிக்கொடுத்தால் பாக்கி குறையும். அரையாண்டின் முதல் முப்பது நாளில் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்றும் சொல்லுங்கள். செட்டியார் வீட்டுக் கணக்கில் ஐந்து சதவீதம் சும்மா விடுகிற தொகை இல்லை. விடுதியாக மாறிய வீடுகள் இன்னும் குடியிருப்பு விகிதத்திலேயே இருக்கின்றனவா என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

*அரசுப் பகிர்வும் மானியமும்.* மாநில நிதி ஆணையப் பகிர்வு மாதந்தோறும் வந்தாலும் சம்பளம், ஓய்வூதியம், மின்சாரம் என்று கரைந்துவிடும். மத்திய நிதி ஆணைய மானியத்தை எடுத்துக்கொண்டால், 2021-26க்கான 15ஆவது ஆணையம் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊர்களுக்கு 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றோடு கட்டிவைத்தது. 40 சதவீதம் மட்டும் கட்டற்ற மானியம், அதிலும் சம்பளம் போடக் கூடாது. பொதுக் கழிப்பிடப் பழுதைச் சுகாதாரப் பங்கிலும், மற்றதைக் கட்டற்ற பங்கிலும் பொருத்திப் பார்க்கலாம். ஆணையம் மாறும்போது விதிகளும் மாறும் என்பதால் புதிய அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், தொகுதி மேம்பாட்டு நிதி போன்றவை வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டியவை. தயாராக மதிப்பீடு வைத்திருக்கும் ஊருக்கே முதலில் கிடைக்கும். அதற்காகவாவது படி 2ம் 3ம் செய்து வைக்க வேண்டும். ஒரு வருத்தம் என்னவென்றால், மானியம் தருகிறவருக்குக் கல்வெட்டு வைக்க இடம் வேண்டும். தட்டோடு மாற்றியதற்கு யாரும் கல்வெட்டு வைத்ததாக நான் பார்த்ததில்லை.

*மக்கள் பங்கு.* நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். கொடை கொடுத்துப் பழகிய ஊருக்கு இது பொருத்தமான திட்டம். அழகப்ப செட்டியார் மின்வேதியியல் நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த மண் இது. ஆனால் கொடையாளரிடம் கேட்கும் முறையை மாற்ற வேண்டும். "தாத்தா பெயரில் ஒரு வகுப்பறை" என்று வருகிறவரிடம், கட்டடச் செலவோடு அதில் பத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்பு வைப்பாகத் தரச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். இருபது ஆண்டு கழித்து அவர் பேரன் வந்து பார்க்கும்போது தாத்தா பெயர்ப் பலகைக்குக் கீழே காரை உதிர்ந்து கிடப்பதைவிட அந்தக் கூச்சம் தேவலை.

கடனும் உண்டு. டுஃபிட்கோ (தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் உட்கட்டமைப்பு வளர்ச்சிக் கழகம்) போன்ற அரசு நிறுவனங்கள் உள்ளாட்சிக்குக் கடன் தருகின்றன. வாடகை வரும் அங்காடியை இடித்துக் கட்ட வாங்கலாம், வாடகையே தவணையைக் கட்டும். பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ வாங்க வேண்டாம்.

படி 6: பூட்டுப் போடுதல்

சேர்த்த பணம் பொதுக் கணக்கிலேயே இருந்தால் மார்ச் மாதத்தில் காணாமல் போகும். யாரும் திருட வேண்டியதில்லை, ஒப்பந்தக்காரர் பாக்கி ஒன்று போதும். ஆகவே மன்றத் தீர்மானம் இந்தச் செய்திகளோடு இருக்க வேண்டும்: "கட்டடப் பழுது மற்றும் மறுகட்டுமான நிதி" என்ற தனிக் கணக்குத் தலைப்பு, தனி வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் போட வேண்டிய தொகையைக் கணக்கிடும் முறை, எந்தச் செலவுக்கு எடுக்கலாம், எதற்குக் கூடாது. சம்பளத்துக்கும் விழாவுக்கும் புதுக் கட்டடத்துக்கும் கூடாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அவசரத்துக்கு எடுத்தால் எந்த அரையாண்டுக்குள் வட்டியோடு திருப்பிப் போடுவது என்பதும் வேண்டும்.

ஆணையாளரோ செயல் அலுவலரோ மேலிட ஒப்புதல் வேண்டும் என்றால் வாதாடாமல் வாங்கிவிடுங்கள், ஒப்புதல் உள்ள நிதியை அடுத்து வருபவர் கலைப்பது கடினம். பணத்தை அரசு அனுமதித்த வங்கி, நிறுவனங்களில் வைப்பாகப் போடலாம். முதிர்வுத் தேதியைப் படி 4இல் போட்ட செலவு ஆண்டோடு பொருத்துங்கள். வட்டி இந்த நிதிக்கே சேர வேண்டும், பொது வருவாய்க்கு அல்ல. இதைத் தீர்மானத்தில் எழுதாவிட்டால் வட்டி சத்தமில்லாமல் வேறு பக்கம் போய்விடும்.

முதல் ஆண்டிலேயே முழுத் தொகை போட முடியாத பேரூராட்சிகள் கால் பங்கில் தொடங்கலாம். ஆண்டுதோறும் பத்துச் சதவீதப் புள்ளி ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதும் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

படி 7: செலவழிக்கும் வரிசை

உயிராபத்து, கூரை, மின்சாரம், கழிப்பறை, அதன்பிறகு தரையும் கதவும், கடைசியில் பெயிண்ட். நடைமுறையில் தலைகீழாக நடக்கும், திறப்பு விழாவுக்கு முன் பெயிண்டில் தொடங்குவார்கள். ஒழுகும் கூரைக்கு அடியில் அடித்த பெயிண்ட் ஒரு மழைக்குத் தாங்காது.

ஒப்பந்தப்புள்ளியை 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி விட வேண்டும். ஒரே வகை வேலையை, உதாரணமாக ஐந்து பள்ளிகளின் தட்டோட்டை, ஒரே ஒப்பந்தமாகச் சேர்த்தால் நல்ல ஆள் வருவார், விலையும் படியும். சித்திரையில் பணி ஆணை கொடுத்தால் கோடை விடுமுறையில் பள்ளி வேலை முடியும். புரட்டாசியில் கொடுத்தால் மழையில் தார்ப்பாய் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒப்பந்தக்காரர் தன் செலவில் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதியைப் பதிவேட்டில் எழுதி, அதற்கு ஒரு மாதம் முன் மேல்தளத்தில் ஏறிப் பாருங்கள். பிணைத்தொகையைத் திருப்பிக் கொடுத்த பிறகு விரிசலைக் காட்டிப் பயனில்லை.

படி 8: வெளியிலிருந்து கண்காணித்தல்

வார்டு மக்கள் கூடிப் பேசும் நகர்ப்புறப் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் தொடங்கின. பெரும்பாலும் தெருவிளக்கும் சாக்கடையும்தான் பேசப்படும். உங்கள் வார்டில் உள்ள ஒரு பொதுக் கட்டடத்தின் படத்தைக் காட்டி, "இதற்கு இந்த ஆண்டு எவ்வளவு எடுத்து வைத்தீர்கள்" என்று கேட்டு, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரி, மார்ச்சில் மன்றத்துக்கு வரும், ஆகவே ஜனவரிக்குள் கேட்பது நல்லது.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். "கட்டடங்கள் ஏன் மோசமாக இருக்கின்றன" என்று கேட்டால் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: சொத்துப் பதிவேட்டில் கட்டடங்களின் பக்கங்கள், கடைசி மூன்று ஆண்டு உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையில் கட்டடம் பற்றிய பத்திகள், ஆரம்பக் கல்வி நிதியின் மார்ச் 31 இருப்பு, அதே ஆண்டு ஐந்தொகையில் கட்டடங்களுக்கு எழுதிய தேய்மானம், அதே நாளில் பழுதுக்கென்று வைப்பில் இருந்த தொகை. கடைசி இரண்டையும் ஒரே மனுவில், அடுத்தடுத்த வரிசை எண்ணில் கேளுங்கள்.